திரும்பி வந்தவரை விரட்டாதீர்கள்



போதையிலிருந்து மீண்ட ஒரு வாலிபர் ஜும்ஆவுக்கு வருகிறார். பக்கத்தில் நிற்பவர் சற்று ஒதுங்குகிறார். தொழுகை முடிந்ததும், "இவனா? எத்தனை நாளைக்கு!" என்று பின்னால் பேச்சு. அடுத்த வாரம் அவர் வருவாரா?

அப்துல்லாஹ் என்ற நபித்தோழர், நபி (ஸல்) அவர்களைச் சிரிக்க வைப்பவர். மது அருந்தித் தண்டனை பெற்ற அவர், மீண்டும் அதே குற்றத்துக்காகக் கொண்டுவரப்பட்டார். ஒருவர் அவரைச் சபித்தார். நபியவர்கள் தடுத்து, அவர் அல்லாஹ்வையும் அவனுடைய தூதரையும் நேசிப்பவர் என்றார்கள் (புகாரி). மது ஹராம்தான், தண்டனையும் உண்டு. ஆனால் மனிதர் கைவிடப்படவில்லை.

ஆகவே ஸலாம் சொல்லி, ஸஃப்பில் இடம் கொடுங்கள். பழையதைக் கிளறாதீர்கள். முடிந்தால் ஒரு வேலைக்குச் சொல்லிவிடுங்கள். சறுக்கினால் துஆவோடு மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். நீண்டகாலம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். அதனால் மருத்துவ மேற்பார்வை அவசியம். அரசின் போதை மீட்பு இலவச உதவி எண் 14446.

நம் பார்வையால் எவரும் பள்ளிவாசலை விட்டுத் தூரமாகிவிடாமல் அல்லாஹ் காப்பானாக! ஆமீன்.