கரிசல் நிலமும் வாக்கும்: கோவில்பட்டிச் சட்டமன்றத் தொகுதியின் அரசியல் சார்பு (1967–2021)

ஆய்வுச் சுருக்கம்

கோவில்பட்டி ‘இடதுசாரிக் கோட்டை’ எனப் பல்லாண்டுகள் குறிக்கப்பட்டது. அக்கோட்டை கொள்கைப் பற்றால் எழுந்ததா, கூட்டணிக் கணக்கால் நின்றதா, வேட்பாளரின் தனிச் செல்வாக்கால் வாழ்ந்ததா என்பதைத் தேர்தல் முடிவுகளின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கரிசல், வாக்கு, கூட்டணி, உழவர் இயக்கம், கரிசல் இலக்கியம்.

முன்னுரை

கோவில்பட்டி வட்டாரம் ஆற்றுப் பாசனம் அற்ற மானாவாரி நிலம். வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பருத்தி, கம்பு, சோளம், உளுந்து ஆகியன விளைகின்றன. மழை பொய்த்த குடும்பங்களுக்குப் பஞ்சாலையும் தீப்பெட்டித் தொழிலும் மாற்று வாழ்வாதாரமாயின. ஒரே குடும்பம் உழவாகவும் கூலி உழைப்பாகவும் இருவழிப் பிழைக்கும் இச்சூழல், விவசாய சங்கம், தொழிற்சங்கம் ஆகிய இரண்டுக்கும் இடமளித்தது. இடதுசாரி அரசியலின் வேர் இங்கேயே உள்ளது. இடைசெவல் கி. ராஜநாராயணன் எழுத்தாளராக அறியப்படுமுன்பே கம்யூனிஸ்ட் கட்சியின் விவசாயிகள் போராட்டங்களில் ஈடுபட்டுச் சிறை சென்றவர் என்பது அதற்குச் சான்று.

வெற்றியும் மாநில அலையும்

1967 முதல் 2001 வரை நடந்த ஒன்பது சட்டமன்றத் தேர்தல்களில் ஏழில் இந்திய கம்யூனிஸ்ட் கட்சி இங்கு வென்றது. 1967, 1971, 1977, 1980, 1989 ஆகிய ஐந்து வெற்றிகளும் சோ. அழகர்சாமிக்கு உரியன. எஞ்சிய இரண்டு (1996, 2001) வேறு வேட்பாளர்களுடையவை.

கூட்டணி வெவ்வேறாக இருந்தும் வெற்றி தொடர்ந்தது. 1971இல் தி.மு.க., 1977இல் காங்கிரஸ், 1980இல் அ.தி.மு.க., 1989இல் அ.தி.மு.க.வின் ஜெயலலிதா அணி எனத் துணைநின்ற கட்சி மாறிக்கொண்டேயிருந்தது. ஆகவே எந்த ஒரு கூட்டாளியின் வாக்கும் இவ்வெற்றிகளை முழுமையாக விளக்காது.

இம்முடிவுகளை மாநில வெற்றியோடு ஒப்பிடும்போது ஒரு வேறுபாடு புலனாகிறது. 1967இல் கட்சி தி.மு.க. அணிக்கு வெளியே நின்று மாநிலம் முழுவதும் இரண்டே இடங்களைப் பெற்றது. அவற்றுள் ஒன்று கோவில்பட்டி. 1977, 1989 தேர்தல்களிலும் அது சார்ந்த அணி ஆட்சியைப் பிடிக்கவில்லை. மாநில அலைக்கு எதிரான இம்மூன்று வெற்றிகளும் அழகர்சாமி பெற்றவை. மாறாக 1996, 2001 வெற்றிகள் மாநிலத்தில் வென்ற அணிக்குள் நின்று பெற்றவை. 2006இலோ, கட்சி இடம்பெற்ற தி.மு.க. அணி ஆட்சியமைத்தும் கோவில்பட்டியை அ.தி.மு.க. கைப்பற்றியது. எனவே, அலையை எதிர்த்து நிற்கும் ஆற்றல் கட்சிக்கு மட்டும் உரியதன்று. தொகுதியோடு நெடுங்காலம் ஒன்றிய ஒருவரின் வழியாகவே அது வெளிப்பட்டது எனலாம்.

1984: ஒரு திருப்புமுனை

இந்திரா காந்தி படுகொலைக்குப் பின் நடந்த 1984 தேர்தலில் தொகுதி காங்கிரஸ் வசமாயிற்று. அனுதாப அலையை மட்டும் காரணமாக்குவது போதாது. மின்கட்டணம், கடன் சிக்கல்களை முன்வைத்து வளர்ந்த உழவர் இயக்கத்தின் தலைவர் நாராயணசாமி நாயுடு, 1982இல் தனிக்கட்சி தொடங்கியிருந்தார். வாக்குப்பதிவுக்கு மூன்று நாள்களுக்கு முன், டிசம்பர் 21 அன்று, கோவில்பட்டியில் பிரசாரத்தின்போதே அவர் காலமானார். உழவரின் கோரிக்கைக்கு இடதுசாரிகள் மட்டுமே குரல் என்ற நிலை அதற்குள் மாறியிருந்தது.

2006க்குப் பின்

2011இல் இந்திய கம்யூனிஸ்ட் கட்சி அ.தி.மு.க. அணியில் இருந்தபோதும் தொகுதியை அ.தி.மு.க.வே வைத்துக்கொண்டது. 2016இல் மக்கள் நலக் கூட்டணி இதனை ம.தி.மு.க.வுக்கு ஒதுக்கியது. அத்தேர்தலில் கடம்பூர் ராஜு 428 வாக்குகளில் தி.மு.க.வை வென்றார். 2021இல் அவர் 68,556 வாக்குகளும், டி.டி.வி. தினகரன் 56,153 வாக்குகளும், தி.மு.க. அணியின் மார்க்சிஸ்ட் வேட்பாளர் 37,380 வாக்குகளும் பெற்றனர். தோற்ற இருவரின் கூட்டு வாக்கு 93,533. மாநிலத்தில் ஆட்சியை இழந்த கட்சி இங்கு வென்றதற்கு எதிர்வாக்கின் பிளவு முதன்மைக் காரணமாகத் தோன்றுகிறது. வாக்குச்சீட்டில் தம் கட்சியின் சின்னத்தைக் காணாத தேர்தல்கள் அடுத்தடுத்து வந்தால், வாக்காளரின் சார்பும் பழக்கமிழந்து தேயும் என்பதை இங்குக் கருதலாம்.

இலக்கியச் சான்று

சாதிக் கணக்கு ஒன்றாலேயே இவ்வட்டார வாக்கை விளக்கும் போக்கு பரவலாக உள்ளது. சோ. தர்மனின் ‘சூல்’ நாவல் வேறொரு காரணத்தைக் காட்டுகிறது. ஊரார் பேணிய கண்மாய் அரசின் பொறுப்புக்குப் போனபின் சீரழிவதை அது பேசுகிறது. நீரின் மீதான உரிமையை இழந்தவர் அரசோடு கொள்ளும் உறவு, தேர்தல் புள்ளிவிவரத்தில் பதிவாவதில்லை. கரிசல் புனைவில் பதிவாகியுள்ளது.

முடிவுரை

கோவில்பட்டியின் இடதுசாரிச் சார்பு மாயையன்று, நிலைத்த கோட்டையுமன்று. உழைப்புச் சூழலில் தோன்றி, நம்பகமான வேட்பாளரால் வலுப்பெற்று, தொகுதிப் பங்கீட்டால் மெலிந்த சார்பு அது. வாக்குச்சாவடிவாரியான முடிவுகளைக் கண்மாய், தீப்பெட்டித் தொழில் ஆகியவற்றின் ஊர்ப்பரவலோடு பொருத்தி, கரிசல் புனைவுகளைத் துணைச்சான்றாகக் கொண்டு ஆராய்வது அடுத்தகட்டப் பணியாகும்.