குற்றக் கும்பல் உறுப்பினர்: மெய்ப்பிப்பது எப்படி?

கேள்வி: பழைய வழக்குகள் இரண்டு இருந்தாலே ஒருவரைத் திட்டமிட்ட குற்றக் கும்பலின் உறுப்பினர் என்று தண்டிக்கலாமா? மேல்முறையீட்டில் எதைப் பார்ப்பார்கள்?
– வாசகர், வலங்கைமான்

பதில்: பழைய வழக்குகள் மட்டும் போதா. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 111ஆம் பிரிவு, இத்தகைய கும்பலில் உறுப்பினராக இருப்பதையே 5 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறைக்குரிய தனிக் குற்றமாக்குகிறது. ஆனால் கும்பல் 'தொடர் சட்டவிரோதச் செயலில்' ஈடுபட்டிருக்க வேண்டும், அதாவது 3 ஆண்டோ அதற்கு மேலோ சிறைக்குரிய, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றங்களுக்காக, முந்தைய 10 ஆண்டுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட குற்றப்பத்திரிகைகள் தாக்கலாகி, நீதிமன்றம் அவற்றை விசாரணைக்கு ஏற்றிருக்க வேண்டும்.

பத்திரிகையாளர் கௌரி லங்கேஷ் கொலை வழக்கில், இதையொத்த கர்நாடகச் சட்டத்தை ஆராய்ந்த உச்ச நீதிமன்றம், அக்குற்றப்பத்திரிகைகள் கும்பலைப் பற்றியவையாக இருந்தால் போதும், ஒவ்வோர் உறுப்பினர் மீதும் தனித்தனியே இருக்க வேண்டியதில்லை என்று 2021இல் விளக்கியது. இதே போன்ற மகாராஷ்டிரச் சட்டம் குறித்த அதே நீதிமன்றத்தின் 2015ஆம் ஆண்டுத் தீர்ப்போ, சட்டம் வந்த பின் புதிய குற்றச் செயல் நிகழாதபோது பழைய குற்றப்பத்திரிகைகளைக் கொண்டு மட்டும் தண்டிக்க இயலாது என்றது.

எனவே சாட்சியங்களை முழுமையாக மறுமதிப்பீடு செய்யும் மேல்முறையீட்டு நீதிமன்றம் (உங்கள் திருவாரூர் மாவட்ட அமர்வு வழக்குகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றம்), பணப் பரிமாற்றம், கட்டளைத் தொடர்பு, உரிய சான்றிதழுடன் கூடிய தொலைபேசிப் பதிவுகள் போன்றவை அந்த நபரைக் கும்பலுடன் பிணைக்கின்றனவா என்று பார்க்கும். மகாராஷ்டிரச் சட்டம் கண்காணிப்பாளர் நிலையிலான காவல் அதிகாரி பதிவுசெய்யும் ஒப்புதல் வாக்குமூலத்தை ஏற்கிறது; 111ஆம் பிரிவில் அத்தகைய விதி இல்லாததால், காவல்துறையிடம் தந்த ஒப்புதலை மட்டும் நம்பிய தண்டனை நிலைப்பது அரிது.