பத்து விநாடி பவர் பேங்க்

ஹாஸ்டலில் எந்த ஃப்ளோருக்குப் போனாலும் ஏதாவது ஒரு மேஜையில் கிரியேட்டின் டப்பா இருக்கும். "இதைப் போடு மச்சி, உடம்பு ஏறும்" என்பான் ஒருத்தன். "வேணாம்டா, கிட்னி காலி ஆயிடும்" என்பான் இன்னொருத்தன். யாரை நம்புறது? முதலில் அது உடம்புக்குள்ள என்ன செய்யுதுன்னு பார்ப்போம், வாங்க.

தசை சுருங்கத் தேவையான சக்தி ஏடிபி என்ற மூலக்கூறிலிருந்து வருகிறது. அது ஒரு பாஸ்பேட்டை இழக்கும்போது சக்தி வெளிப்படுகிறது. முழு வேகத்தில் ஓடினால் தசையில் இருக்கும் ஏடிபி இரண்டு மூன்று விநாடிதான் தாங்கும். இழந்த பாஸ்பேட்டை உடனே திருப்பிக் கொடுப்பது பாஸ்போகிரியேட்டின். போனுக்குப் பவர் பேங்க் மாதிரி. ஆனால் இந்தப் பவர் பேங்கும் சுமார் பத்து விநாடியில் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

நம் கல்லீரலும் சிறுநீரகமும் சேர்ந்து தினமும் சுமார் 1 கிராம் கிரியேட்டின் தயாரிக்கின்றன. மீன், இறைச்சி சாப்பிடுபவர்களுக்கு உணவிலிருந்தும் கொஞ்சம் கிடைக்கும். சைவர்களின் தசையில் இருப்பு பொதுவாகக் குறைவு.

பொடியாகச் சாப்பிட்டால் இந்த இருப்பு கூடுமா? 1992-ல் ஹாரிஸ், சோடர்லுண்ட், ஹல்ட்மன் ஆகிய மூவரும் தொடைத் தசையிலிருந்து ஊசியால் மாதிரி எடுத்துப் பார்த்து, கூடும் என்று காட்டினார்கள். அதே ஆய்வில் சிலரை தினமும் ஒரு மணி நேரம் ஒரே காலால் மட்டும் கடுமையாகப் பயிற்சி செய்ய வைத்தார்கள். ரத்தம் ஒன்று, பொடியும் ஒன்றுதான். ஆனால் உழைத்த காலில்தான் கிரியேட்டின் அதிகம் சேர்ந்தது. பொடியைக் குடித்துவிட்டுப் படுத்துக் கிடந்தால் என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

அளவு விஷயத்திலும் அவசரம் வேண்டாம். தினமும் 20 கிராம் வீதம் 6 நாள் எடுத்தாலும், 3 கிராம் வீதம் 28 நாள் எடுத்தாலும் தசை இருப்பு கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு உயர்கிறது என்று 1996-ல் வந்த ஆய்வு சொல்கிறது. டப்பா சீக்கிரம் காலியாகணும்னு நமக்கு ஒன்றும் அவசியமில்லையே!

சரி, உடம்பு ஏறுமா? ஏறும். ஆனால் முதல் வாரத்தில் ஏறுவது பெரும்பாலும் தசைக்குள் சேரும் தண்ணீர். 100 மீட்டர் ஓட்டம், பளு தூக்குதல், திரும்பத் திரும்ப ஸ்பிரிண்ட் வரும் ஆட்டங்களுக்கு இது உதவும். 5000 மீட்டர் ஓடுபவருக்கோ அந்த எடை வீண் சுமை.

கிட்னி? கிரியேட்டின் உடம்பில் கிரியேட்டினினாக மாறி சிறுநீரில் வெளியேறுகிறது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ரத்தத்தில் அளப்பதும் இதே கிரியேட்டினினைத்தான். அதனால் பொடி எடுப்பவரின் ரிப்போர்ட்டில் எண் கொஞ்சம் கூடித் தெரியலாம். ஆரோக்கியமானவர்கள் சரியான அளவில் எடுத்தபோது சிறுநீரகம் கெட்டதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஆனாலும் டெஸ்ட் எடுக்கும் முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. கிரியேட்டின் தடை செய்யப்பட்ட பொருள் இல்லை. ஆனால் டப்பாவுக்குள் வேறு என்ன இருக்கிறது? 2004-ல் வெளியான ஒரு ஆய்வில் 13 நாடுகளில் வாங்கிய 634 சப்ளிமெண்ட்டுகளைச் சோதித்தார்கள். 94-ல் லேபிளில் சொல்லாத ஹார்மோன் பொருட்கள் இருந்தன. ஊக்கமருந்து சோதனையில் சிக்கினால் "எனக்குத் தெரியாது சார்" என்பது எடுபடாது. உடம்புக்குள் போனதற்கு வீரர்தான் பொறுப்பு.

அதனால் பணம் கட்டும் முன் மூன்று கேள்வி. என் ஆட்டத்தில் அந்தப் பத்து விநாடி வேகம் தேவையா? இந்த பேட்சை வெளி ஆய்வகம் சோதித்திருக்கிறதா? சாப்பாடு, தூக்கம், பயிற்சி மூன்றும் சரியா இருக்கா? கடைசிக் கேள்விக்கு 'இல்லை'ன்னா, காசு பர்ஸிலேயே இருக்கட்டும்.