விற்பவருக்கும் வாங்குபவருக்கும் உரிய ஷர்த்துகள்

"விற்றேன்", "வாங்கினேன்" என்று நாவால் மொழிந்துவிட்டால் மட்டும் வியாபாரம் நிறைவேறிவிடாது. மொழிபவரிடம் அதற்குரிய தகுதியும் இருத்தல் வேண்டும். ஷாபிஈ மத்ஹபில் இதற்கு ஷர்த்துகள் நான்கு:

1. பாலிகாகி இருத்தல். அடையாளம் தோன்றாவிடில் சந்திரக் கணக்கில் 15 வயது நிறைதல்.

2. புத்தி சுவாதீனம்.

3. பொருளை வீணாக்காமல் பேணும் விவேகம் (ருஷ்து).

4. நியாயமின்றி நிர்ப்பந்திக்கப்படாதிருத்தல். கடனடைக்க மறுப்பவனைக் காழி விற்கச் செய்தால் அது நியாயமான நிர்ப்பந்தம், விற்பனை கூடும்.

சிறுவன் செய்யும் வியாபாரம், வலீ அனுமதித்தாலும் ஷாபிஈ மத்ஹபில் செல்லாது. ஹனபி மத்ஹபில், விவரமறிந்த சிறுவன் வலீயின் அனுமதியோடு செய்தால் செல்லும்.

அப்படியாயின் எத்தீமின் சொத்தை விற்க உரிமையுள்ளவர் யார்? தகப்பனாரின் தகப்பனார், அவருமில்லையேல் வஸிய்யத்தால் நியமிக்கப்பட்டவர், பின்னர் காழி. பெரியத்தாவும் சாச்சாவும் அவ்வுறவினால் மட்டும் சொத்துக்கு வலீயாக மாட்டார்கள். வலீயும்கூட, எத்தீமின் அவசியத்திற்கோ வெளிப்படையான நன்மைக்கோ அன்றி வீடு, நிலத்தை விற்கலாகாது. எத்தீம்களைச் சோதித்து, விவேகம் கண்டபின் சாட்சிகளோடு சொத்தை ஒப்படைக்குமாறு திருமறை (4:6) பணிக்கிறது.

பெண் தன் சொத்தை விற்கக் கணவரின் அனுமதி ஷர்த்தன்று. ஆனால் அவளை மிரட்டிப் பாகத்தை எழுதி வாங்கினால், பத்திரம் பதிவானாலும் ஷரீஅத்தில் அது விற்பனையாகாது; அச்சொத்தை அனுபவிப்பது ஹராமாகும்.

எனவே கிரயம் பேசுமுன், எதிரே இருப்பவர் விற்கத் தகுதியுள்ளவர்தானா, மனமொப்பித்தான் விற்கிறாரா என்று விசாரித்துக்கொள்வீர்களாக!