வலிப்பும் மறதியும் உள்ள தத்துப்பிள்ளை: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

சோளிங்கர் தக்கான் குளத்தில் முழுகி, சின்ன மலை ஆஞ்சநேயரை வேண்டிக்கொள்ள, பிள்ளையின் நோய் தீர வேண்டும் என்று எத்தனையோ குடும்பங்கள் வருகின்றன. அந்த நம்பிக்கை அவர்களுக்குப் பலம். இதே வட்டாரத்தில்தான், வேலூர் சி.எம்.சி.யில், டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949இல் மூளை நரம்பியல் பிரிவைத் தொடங்கினார். 1952இல் வலிப்புக்கு அறுவை சிகிச்சையும் செய்தார். தத்தெடுத்த பிள்ளைக்கு வலிப்போடு மறதியும் இருந்தால் வீட்டாருக்கு ஒரு பொறுப்பு கூடுகிறது: பிள்ளை மறப்பதை எல்லாம் நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. தத்துக் காகிதங்களை டாக்டரிடம் காட்டுங்கள். குழந்தை ஆய்வு அறிக்கையும் மருத்துவப் பரிசோதனை அறிக்கையும் முக்கியம். பிறந்த எடை எவ்வளவு, பிறந்ததும் அழுததா, முதல் வாரத்தில் வலிப்போ கடுமையான மஞ்சள் காமாலையோ வந்ததா என்று தத்து நிறுவனத்திடம் கேளுங்கள். தெரியாததைத் 'தெரியாது' என்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.

2. ஸ்கேனும் இ.இ.ஜி.யும் எடுக்கச் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள். வேலூர் மாவட்டத்தில் சி.எம்.சி. மருத்துவர்கள் நடத்திய ஆய்வில், வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மூளையில் தங்கிய நாடாப்புழுக் கட்டியே காரணம் என்று தெரிந்தது. பன்றிக்கறி தொடாத வீட்டிலும் இது வரும். புழுவின் முட்டை கலந்த தண்ணீரும் கழுவாத கீரையும் போதும்.

3. ஒரு நோட்டுப் போடுங்கள். வலிப்பு வந்த தேதி, நேரம், எத்தனை நிமிடம், எந்தப் பக்கம் இழுத்தது, முந்தைய இரவு தூங்கியதா, மருந்து தவறியதா என்று எழுதுங்கள். முடிந்தால் செல்போனில் படம் பிடித்து டாக்டரிடம் காட்டுங்கள்.

4. வலிப்பு வரும்போது பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலைக்குக் கீழே மெத்தென்று துணி வைத்து, கழுத்துப் பித்தானைத் தளர்த்தி, கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினாலோ, தெளியாமல் அடுத்த வலிப்பு வந்தாலோ 108ஐ அழையுங்கள்.

5. மருந்துக்கு ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். அம்மாவும் அப்பாவும் விடிகாலையிலேயே ஷூ கம்பெனி பஸ் ஏறிவிடும் வீடுகளில் காலை மாத்திரைதான் தவறும். ஏழு நாள் மாத்திரையையும் வேளைவாரியாகப் பிரித்துப் பாட்டி கையில் கொடுங்கள். தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே அடுத்த மாதத்துக்கு வாங்கி வையுங்கள்.

6. மறதிக்கு வீட்டையே துணையாக்குங்கள். காலையில் செய்ய வேண்டியதைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒரே வேலை சொல்லி, அதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். சில நொடிகள் வெறித்துப் பார்த்து நிற்பதும் வலிப்பாக இருக்கலாம் என்று டீச்சரிடம் விளக்குங்கள். பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கிடைக்குமா என்று தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

7. தத்தெடுத்த கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். ஆறு வயதில் சொன்னதை இந்தப் பிள்ளை எட்டு வயதில் மறந்திருக்கலாம். அப்போது ஊரார் வாயால் கேட்டால் புதிதாக அடிபடும். முதன்முதலில் தூக்கிக்கொண்ட நாளின் போட்டோ, அன்று போட்டிருந்த சட்டை, பெயர் வைத்த நாள் எல்லாம் ஒரே ஆல்பத்தில் இருக்கட்டும். கேட்கும்போதெல்லாம் எடுத்துக் காட்டுங்கள்.

செய்யக்கூடாதவை

1. வலிப்பின்போது கையில் சாவியைத் திணிக்காதீர்கள், செருப்பை முகர வைக்காதீர்கள். வலிப்பு பெரும்பாலும் தானாக நிற்கிறது. இரும்பு அதை நிறுத்துவதில்லை. வாயில் ஸ்பூன் வைத்தால் பல் உடையும். தண்ணீர் ஊற்றினால் புரை ஏறும்.

2. வேண்டுதலுக்காக மருந்தை நிறுத்தாதீர்கள். தாயத்து கட்டினாலும் மாத்திரை தொடரட்டும். குளத்தில் தனியே இறங்க விடாதீர்கள்; பெரியவர் ஒருவர் கையைப் பிடித்திருக்க வேண்டும். ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் உள்ள சோளிங்கர் பெரிய மலைக்கு 2024இல் ரோப் கார் வந்துவிட்டது; படியேற வைக்காமல் அதிலேயே அழைத்துச் செல்லுங்கள். பட்டினியும் தூக்கக் கேடும் வலிப்பைக் கிளப்பும். ஆகவே பிள்ளைக்கு விரதம் வேண்டாம், கார்த்திகைக் கூட்டத்தில் கண்விழிப்பும் வேண்டாம்.

3. 'யார் பெற்ற பிள்ளையோ, ரத்தம் அப்படி' என்ற பேச்சை வீட்டில் நுழைய விடாதீர்கள். சொல்பவர் மாமியாராக இருந்தாலும் அங்கேயே மறுத்துச் சொல்லுங்கள். பிள்ளை பாடத்தை மறக்கும், இந்தச் சொல்லை மறக்காது.

4. 'வேண்டுமென்றே மறக்கிறான்' என்று அடிக்காதீர்கள். ராத்திரி வந்த வலிப்பும் மறதியைத் தரும், சில மருந்துகளும் தரும். மந்தமோ எரிச்சலோ கூடினால் டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக அளவைக் குறைக்காதீர்கள்.

5. குளியலறைக்கு உள்தாழ்ப்பாள் வேண்டாம். கிணறு, மொட்டைமாடி, அடுப்பு ஆகியவற்றின் பக்கம் தனியே விடாதீர்கள். அதற்காக விளையாட்டையே தடுத்துவிடாதீர்கள்.

6. தத்தெடுத்தபின் இரண்டு ஆண்டுகள், ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்க்க வரும் சமூகப் பணியாளரிடம் கஷ்டத்தை மறைக்காதீர்கள். உதவி கேட்கத்தான் அந்தச் சந்திப்பு.

7. 'திருப்பிக் கொடுத்துவிடலாமே' என்பவர்களுக்குக் காது கொடுக்காதீர்கள். தத்து ஆணை வந்த நாள் முதல், 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி, அது முழு உரிமையோடு உங்கள் பிள்ளை. 'பிற்பாடு கல்யாணம் ஆகாது' என்றும் பயப்படாதீர்கள். இந்துத் திருமணச் சட்டத்தில் வலிப்பைத் திருமணத்துக்குத் தடையாக்கிய வாசகம் 1999இலேயே நீக்கப்பட்டுவிட்டது.

சரியான மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால், வலிப்பு உள்ளவர்களில் பத்தில் ஏழு பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் பிள்ளையும் அந்த ஏழு பேரில் ஒருவராகலாம். இன்றே ஒரு நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் மருந்தின் பெயரையும் அளவையும் எழுதுங்கள்.