மூளை ஆய்வுக்கு ஒரு ஃபெலோஷிப்: ஏற்காட்டு மலையிலிருந்து விண்ணப்பிப்பது எப்படி?

தமிழ்நாட்டில் எந்தப் பேருந்து நிலையத்திலும் ஒருவர் வலிப்பு வந்து விழுந்தால், கூட்டத்திலிருந்து முதலில் நீளுவது ஒரு சாவிக்கொத்து. இரும்பைக் கையில் கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்பது நம்பிக்கை. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே அடங்கிவிடும்; பெயர் சாவிக்குப் போய்விடும். அந்த ஓரிரு நிமிடங்களில் செய்ய வேண்டியது வேறு. விழுந்தவரை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். வாயில் எதையும் திணிக்கக் கூடாது, கைகால்களை அழுத்திப் பிடிக்கக் கூடாது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து, ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐ அழைக்க வேண்டும்.

மூளை அறிவியலோ எங்கேயோ போய்விட்டது. சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் 'தரணி' என்ற முப்பரிமாண வரைபடத்தை வெளியிட்டது. கருவில் வளரும் சிசுவின் மூளை, 5,132 மெல்லிய வெட்டுகளாகப் படம்பிடிக்கப்பட்டு, யாரும் இலவசமாகப் பார்க்கக் கிடைக்கிறது. இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான கிரிஸ் கோபாலகிருஷ்ணனின் கொடையில் எழுந்த மையம் அது. கிண்டி ஐஐடியில் அந்த வரைபடம், மலையடிவாரத்தில் சாவிக்கொத்து. இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே போய்வரக்கூடிய இளைஞர்களைத்தான் இன்றைய ஃபெலோஷிப்கள் பல தேடுகின்றன. சேலத்திலோ ஏற்காட்டிலோ இருக்கும் ஓர் இளம் மருத்துவரோ முனைவர் பட்ட மாணவரோ அதற்கு விண்ணப்பிக்க நினைத்தால் எங்கே தொடங்குவது?

கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும். அதுவும் மலையிலிருந்து எடுத்த கேள்வியாக இருக்க வேண்டும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் பழங்குடிகள் மலையாளிகள். பெயரைப் பார்த்துக் கேரளத்தை நினைக்க வேண்டாம்; அவர்கள் பேசுவது தமிழ். ஜவ்வாது, கல்வராயன், கொல்லி மலைகளிலும் இதே மக்கள்தான் வாழ்கிறார்கள். இவற்றில் ஜவ்வாது மலையில் வேலூர் சிஎம்சி மருத்துவமனை நெடுங்காலமாக மருத்துவப் பணி செய்துவருகிறது. அதே சிஎம்சி மருத்துவர்கள் வேலூர் மாவட்டத்தில் நடத்திய ஆய்வில், வலிப்பு நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மூளையில் நாடாப்புழுவின் இளம்பருவக் கட்டிகள் காரணமாக இருந்தது தெரிந்தது. பன்றி இறைச்சி தின்பவர்களுக்குத்தான் இது வரும் என்று நினைப்பது தவறு. புழுவின் முட்டை, மலம் கலந்த நீர், கழுவாத கீரை, கழுவாத கை வழியாக யார் வயிற்றுக்குள்ளும் போகலாம். ஆக, மூளையைப் பற்றிய கேள்வி கழிப்பறையில் வந்து நிற்கிறது. சேர்வராயன் மலையில் நிலைமை என்ன என்று கேட்பது நல்ல ஆய்வுக் கேள்வி. ஊர்க்காரர்களுக்கும் அதற்கு விடை வேண்டும். தேர்வுக் குழுவின் முன் வலுவாக நிற்பது இப்படிப்பட்ட கேள்விதான்.

அடுத்து, பணம் யாருடையது என்று பார்க்க வேண்டும். கொடையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நோக்கம் உண்டு. அதைப் படிக்காமல் ஒரே விண்ணப்பத்தைப் பத்து இடத்துக்கு அனுப்புவது நேர விரயம். இந்தியாவில் முதலில் பார்க்க வேண்டியது இந்தியா அலையன்ஸ். மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் லண்டனின் வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து 2008-ல் தொடங்கியது. மருந்து வணிகத்தில் சம்பாதித்த ஹென்றி வெல்கம் 1936-ல் இறந்தபோது எழுதிவைத்த சொத்திலிருந்து வந்தது வெல்கமின் பங்கு. திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 2025 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மொத்தம் 1,500 கோடி ரூபாய்; அரசு 1,000 கோடி, வெல்கம் 500 கோடி. ஆய்வகத்தில் வேலை செய்பவர்களுக்கும் மருத்துவர்களுக்கும் பொதுச் சுகாதாரத் துறையினருக்கும் இதில் இளநிலை ஃபெலோஷிப்கள் உண்டு.

வெளிநாட்டில் ஓராண்டு பயிற்சி வேண்டுமென்றால் அட்லாண்டிக் ஃபெலோஷிப் இருக்கிறது. சக் ஃபீனி என்ற அமெரிக்கர், விமான நிலையங்களின் வரியில்லாக் கடைகளில் சேர்த்த செல்வத்தை ஏறக்குறைய முழுவதும் வாழும்போதே கொடுத்துத் தீர்த்தவர். அவருடைய பணத்தில் 2015-ல் உருவானது இந்த ஃபெலோஷிப்பை நடத்தும் உலக மூளை நல நிறுவனம். டப்ளின் டிரினிட்டி கல்லூரியிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் இயங்குகிறது. மறதிநோய் அதன் மையக் கவலை. மருத்துவர்களை மட்டுமல்லாமல் பத்திரிகையாளர்களையும் கலைஞர்களையும் அது சேர்த்துக்கொள்கிறது. தெருக்கூத்தோ ஆவணப்படமோ தெரிந்தவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

மூன்றாவது வேலை வழிகாட்டியும் இடமும். சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியும் பெரியார் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. பெரிய கருவிகளுக்கு பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் நிறுவனமும் சென்னையும் எட்டும் தூரம்தான். பேராசிரியருக்கு நீண்ட மின்னஞ்சல் அனுப்புவதைவிட ஒரு பக்கக் கேள்விக் குறிப்போடு நேரில் போவது நல்லது. வெளிநாட்டுப் பணம் வருமானால் அந்த நிறுவனத்துக்கு வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டப்படி (எஃப்சிஆர்ஏ) பதிவு இருக்கிறதா என்று முதல் நாளே கேட்டுவிட வேண்டும். 2020-ல் திருத்தப்பட்ட சட்டப்படி, ஓர் அமைப்புக்கு வந்த வெளிநாட்டு நிதியை இன்னோர் அமைப்புக்கு மாற்றித் தர முடியாது. தெரிந்த தொண்டு நிறுவனம் வழியாக வாங்கிக்கொள்ளலாம் என்ற நினைப்பு அங்கேயே அடைபடும்.

இனி, விண்ணப்பத்தில் பெரும்பாலோர் கடைசி இரவு எழுதும் பகுதி: மக்களிடம் அறிவியலை எப்படிக் கொண்டுபோவீர்கள் என்ற கேள்விக்கான விடை. 'விழிப்புணர்வு முகாம்கள் நடத்தப்படும்' என்ற ஒற்றை வரியோடு அது முடிந்துவிடுகிறது. முகாம் எங்கே, எந்த மாதம், யாரோடு என்று எழுத வேண்டும். டானா அறக்கட்டளை 1996-ல் தொடங்கிய மூளை விழிப்புணர்வு வாரம் ஒவ்வொரு மார்ச்சிலும் உலகெங்கும் நடக்கிறது. தமிழ்நாட்டில் மார்ச் பொதுத்தேர்வு மாதம். பள்ளி வாசலில் யாரும் நிற்க முடியாது. நவம்பரிலிருந்து காப்பிப் பழம் பறிக்கும் காலம், ஊரே தோட்டத்தில் இருக்கும். மே மாதம் கோடை விழாக் கூட்டமும் சேர்வராயன் கோயில் திருவிழாவும். ஆகவே பள்ளிகளுக்கு ஜூலை, ஊர்க் கூட்டங்களுக்கு மாலை ஏழு மணி என்று எழுதினால், எழுதியவர் மலையை அறிந்தவர் என்பது தேர்வுக் குழுவுக்குப் புரியும்.

பள்ளிக்கு எடுத்துப்போக ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியும் அட்டைப்பெட்டியும் போதும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், இழந்த கையில் வலி உணர்பவர்களுக்கு இதை வைத்துத்தான் சிகிச்சை காட்டினார். ஒரு கையைக் கண்ணாடிக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, மற்றக் கையின் பிம்பத்தைப் பார்த்தபடி விரல்களை அசைத்தால், மறைந்த கையே அசைவதுபோல் தோன்றும். மூளை ஏமாறும் அந்தக் கணத்தைத் தன் கையிலேயே கண்ட குழந்தை வீட்டுக்குப் போய்ச் சொல்லாமல் இருக்காது.

பெரியவர்களுக்கு ஸ்கார்ஃப் காட்டிய வழி இருக்கிறது. சாரதா மேனன் 1984-ல் சென்னையில் தொடங்கிய இந்த மனநல அமைப்பு, 2010 முதல் டாட்டா அறக்கட்டளையின் துணையோடு புதுக்கோட்டைக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தை ஓட்டியது. உள்ளே சென்னை மருத்துவரோடு திரை வழியாகப் பேசலாம், மருந்தும் அங்கேயே கிடைக்கும். அதே வண்டியில் மனநலம் பற்றிய படங்களும் காட்டினார்கள். மருந்து, படம், மருத்துவர் மூன்றும் ஒரே வாசலுக்கு வந்தன. அறிவுரை மட்டும் வந்திருந்தால் அடுத்த முறை யாரும் வந்திருக்க மாட்டார்கள்.

பட்ஜெட்டில் ஜீப் வாடகை, தமிழ்த் துண்டறிக்கை, கூட்டத்துக்கு வருபவர் இழக்கும் ஒரு நாள் கூலி எல்லாவற்றுக்கும் தனித்தனி வரி வேண்டும். நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒரு கேள்வித்தாளைக்கூட நீட்டக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறைகள் பழங்குடிகளைக் கூடுதல் பாதுகாப்பு தேவைப்படுவோராகவே கருதுகின்றன. ஊர்ப் பெரியவர் தலையசைப்பது வேறு, ஒவ்வொருவரின் ஒப்புதல் வேறு, இரண்டும் வேண்டும். ஒப்புதல் படிவத்தை ஆங்கிலத்தில் எழுதி மொழிபெயர்க்காமல் தமிழிலேயே எழுதினால் பாதிச் சிக்கல் தீரும்.

அனுப்புவதற்கு முன் இன்னும் ஒன்று பாக்கி. திட்டச் சுருக்கத்தை அறிவியல் படிக்காத ஒருவருக்கு, முடிந்தால் மலையில் வாழும் ஒருவருக்கு, வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். அவர் எந்த இடத்தில் குறுக்கிட்டு 'இதனால எங்களுக்கு என்ன?' என்று கேட்கிறாரோ, அந்த இடத்தைத் திருத்தி எழுதிவிட்டு அனுப்புங்கள்.