"நான் இல்லை" என்று சொல்ல முடியுமா?

கடன் தீர்மானம் போடும்போது தீர்மான நோட்டில் எல்லோரும் கையெழுத்துப் போடுகிறோம். எதுக்கு? நாளைக்கு யாரும் "எனக்குத் தெரியாதுங்க" என்று சொல்லிவிடக் கூடாது என்றுதான். செய்ததை இல்லை என்பது மறுத்தல். அப்படிச் சொல்ல வழியில்லாமல் சான்று இருப்பது மறுக்க முடியாமை.

கம்ப்யூட்டரில் அனுப்பும் தாளுக்கு என்ன செய்வது? தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 டிஜிட்டல் கையொப்பத்தை ஏற்றுக்கொண்டது. இதற்கு இரண்டு சாவிகள். ரகசியச் சாவி நம்மிடம் மட்டும் இருக்கும்; அதை வைத்துக் கையொப்பமிடுகிறோம். பொதுச் சாவியால் எவரும் சரிபார்க்கலாம். பிறகு ஓர் எழுத்தை மாத்தினாலும் தெரிந்துவிடும்.

ஆனால் சாவி பயன்பட்டது என்றுதான் கம்ப்யூட்டர் சொல்லும். யார் கை என்று சொல்லாது. ஓ.டி.பி.யும் அப்படித்தான். அதை அடுத்தவரிடம் சொல்லிவிட்டால், "நான் கடன் வாங்கலை" என்று நிரூபிக்க நாம்தான் அலைய வேண்டியிருக்கும். பிறர் கையொப்பத்தை, கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்தினால் 66சி பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு. ஏமாந்தது தெரிந்தால் உடனே வங்கிக்கும் 1930 எண்ணுக்கும் சொல்லுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேச: நம்மில் யார் யார் பின் நம்பரை அடுத்தவரிடம் கொடுத்து வைத்திருக்கிறோம்?